வெயிலில் தெரியாத தீ

மார்ச் 3, செவ்வாய்

வண்டி இன்று வீட்டுக்கு வந்துவிட்டது. சாம்பல் நிறம். ஓட்டினால் சத்தமே இல்லை, டயர் உருளும் ஓசை மட்டும்தான். பெட்ரோல் கிடையாது. பின்சீட்டுக்கு அடியில் ஒரு டேங்க் நிறைய ஹைட்ரஜன். அது காற்றோடு சேர்ந்து உள்ளேயே மின்சாரமாகி மோட்டாரைச் சுழற்றுகிறது. புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டும். குட்டி குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, கார் ஒண்ணுக்குப் போகுது" என்றாள். இவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டில்ல அடைச்சு நம்ம மருந்துக்கடையில வெச்சா வித்துடும்" என்றார்.

கம்பெனி இப்படிப் பன்னிரண்டு வண்டிகளை ஊழியர்களுக்கே கொடுத்திருக்கிறது. ஆறு மாதம் வீட்டில் வைத்து ஓட்டுங்கள், குறை நிறை சொல்லுங்கள், அதன்பிறகு சந்தைக்குப் போகலாம் என்று ஏற்பாடு. ஒன்று எனக்கு. ஒன்று கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு. அவரை எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒன்று என் நாத்தனாருக்கு.

இந்த ஆராய்ச்சிக்கே தலைவர் நாத்தனார்தான். அலுவலகத்தில் மேடம், வீட்டில் அண்ணி. என் நாக்கு சில சமயம் இடம் மாறிவிடும். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மாமியார் அவரோடுதான் இருக்கிறார். இன்று போனில் சொன்னார்: "இத்தனை வருஷமா இவ காத்துக்கிட்டு இருந்த மாப்பிள்ளை இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு. நல்ல சாம்பல் கலரு."

சந்தோஷமான நாள். எழுதி வைக்கத் தோன்றியது.

மார்ச் 6, வெள்ளி

பக்கத்துக் கட்டடத்தில் ஹைபிரிட் வண்டி செய்கிறவர்களுக்கு -- பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் வண்டி -- புதிதாக ஒரு மாடி எழும்புகிறது. எங்களுக்கு ஒரு மின்விசிறிகூட மாற்றித் தரவில்லை. தலைமை அலுவலகம் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும் என்று பேச்சு. மாதக் கடைசியில் கூட்டம்.

மார்ச் 12, வியாழன்

ஒரு வால்வு கசிந்தது.

டேங்கின் கழுத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. எங்காவது தீப்பிடித்தால், டேங்க் வெடிப்பதற்கு முன் அது தானே திறந்து வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் வேலை அந்த வால்வு. சூடாக்குவது, குளிர வைப்பது, மறுபடி சூடாக்குவது. வண்டி பல வருஷம் படும் பாட்டைச் சில வாரங்களில் படுத்திப் பார்ப்பது.

எங்கள் ஃபிட்டருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வந்து சட்டையை மாட்டியதும் பேச ஆரம்பித்தால் மாலையில்தான் நிறுத்துவார். இன்று மச்சான் வீட்டு வழக்கைச் சொல்லிக்கொண்டே வால்வின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். பொட்டு அளவில் ஒரு குமிழி எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

ரேடியோ நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இரண்டாவது.

அறுத்துப் பார்த்தோம். வெளியே பளபளவென்று இருக்கிறது. உள்ளே தலைமுடி போல விரிசல். இந்த வாயுவின் அணு அவ்வளவு சின்னது. உலோகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எஃகும் பிஸ்கட்டும் ஒன்றுதான். இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்குத்தான் தேறிய உலோகம் என்று ஒன்று வைத்திருந்தோம். போன வருஷம் சப்ளை செய்கிறவர்கள் வேறு உலோகத்துக்கு மாறினார்கள். அதுவும் தேறியது என்று எழுதிக் கொடுத்தார்கள், நாமும் வாங்கிக்கொண்டோம்.

பன்னிரண்டு வண்டியிலும் இருப்பது அந்தப் புது வால்வுதான்.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அறுத்த வால்வை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுதானே?"

"ரெண்டுமே புது உலோகம், அண்ணி." அண்ணி என்று வந்துவிட்டது. நல்லவேளை, கதவு மூடியிருந்தது.

"நீ இங்க படுத்துற பாட்டை வண்டி எப்ப படும்? பத்து வருஷம் ஓடணும். அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப மிச்ச வால்வையும் முடி. முழுசா ஒரு முடிவு வரட்டும். ரெண்டே ரெண்டை எடுத்துக்கிட்டு நான் கூட்டத்துல போய் நின்னா, என்ன ஏதுன்னு கேக்கக்கூட மாட்டாங்க. கடையைச் சாத்துன்னு சொல்லிட்டு ஹைபிரிட் பக்கம் திரும்பிடுவாங்க."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து மிச்ச வால்வுகளை எண்ணினேன்.

மார்ச் 18, புதன்

வாயு நிரப்பும் கொட்டகையில் சுவரோரம் ஒரு துடைப்பம் சாத்தியிருக்கும். புதிதாக வந்த பயிற்சிப் பெண்கள் அதைப் பார்த்து, இங்கே பெருக்குவதும் நம் வேலையா என்று கேட்டார்கள். ரேடியோ விளக்கினார். ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. புகை இல்லை, வாடை இல்லை. அந்தக் காலத்தில் சந்தேகம் வந்தால் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார்களாம். எங்கே துடைப்பம் பற்றுகிறதோ அங்கே தீ.

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடம் தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. காற்றை வெளியே தள்ளும் விசிறி எந்தக் காலத்திலோ நின்றுபோனது. சங்கக் கூட்டத்தில் யாராவது அதைப் பேசுவார்கள், யாராவது தேநீர் வந்துவிட்டது என்பார்கள்.

ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஹைட்ரஜன் மேலே போகும். திறந்த வெளியென்றால் வானத்துக்குப் போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. இங்கே மேலே கூரை. கூரையில் விட்டு விட்டு எரியும் குழல்விளக்கு. ஒவ்வொரு தடவை எரியும்போதும் ஒரு சின்ன 'டிக்', அதோடு ஒரு பொறி. கூரைக்கு மேலே தரைத்தளம். எங்கள் வீடு. எந்த அறை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குட்டியின் கட்டில் போட்டிருக்கும் மூலை.

டிக். டிக்.

மார்ச் 23, திங்கள்

மூன்றாவது. இது பாதிச் சோதனையைக்கூடத் தாங்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று கம்பெனிப் பட்டறையில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

இவர்தான் கேட்டார். "நான் தினமும் ஓட்டுறேன், எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே?"

"உங்களுக்குக் குக்கர் விசிலே கேக்காது" என்றேன். சிரித்துவிட்டார். அதோடு விட்டுவிட்டார்.

குட்டிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தண்ணீரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம்.

மார்ச் 25, புதன்

கேன்டீனில் கணக்குப்பிள்ளை தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "என்ன தங்கச்சி, அதுக்குள்ள வண்டியைத் திருப்பிட்டீங்களாமே. எங்க வீட்டு வண்டி தங்கம். வெளிய விடுறதே இல்ல. வீட்டை ஒட்டி ஷெட்டு போட்டிருக்கேன்ல, உள்ள விட்டுக் கதவைப் பூட்டிடுவேன். ஒரு தூசி படக் கூடாது. பொண்டாட்டி கோவிச்சுக்கிறா, அவளை இப்படி ஒருநாள் பாத்துக்கிட்டது இல்லையாம்."

"கதவைத் திறந்தே வைங்களேன். காத்தோட்டமா இருக்கும்."

"நல்லா சொன்னீங்க, திருட்டுப்பய வந்து தள்ளிக்கிட்டே போயிடுவான். சத்தம்கூட வராது."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்தேன் -- ஏன் சிரிச்சேன் நான்? சொல்றதுக்கு வாய் இல்லையா எனக்கு?

மார்ச் 26, வியாழன்

மாமியாருக்குப் பிறந்தநாள். சாயங்காலம் கேக் வாங்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனோம்.

சாம்பல் வண்டி தெருவில் நின்றது. மரத்தடியில், கூரையெல்லாம் காக்கை எச்சத்தோடு. வீட்டின் கீழேயே அண்ணிக்கு நல்ல ஷெட் இருக்கிறது. மேலே மாமியாரின் அறை.

"என்னக்கா, மாப்பிள்ளையைத் தெருவுல நிறுத்திட்டே?" இவர்தான் கேட்டார்.

"ஷெட்ல பூனை குட்டி போட்டிருக்குடா. பாவம், தொந்தரவு பண்ண வேணாம்னு."

"பூனையா?" என்றார் மாமியார். "நான் பாக்கவே இல்லையே."

குட்டி பூனைக்குட்டி பார்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஷெட்டில் ஒரு பழைய சைக்கிள், இரண்டு பெயிண்ட் டப்பா. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. "அம்மா பூனை குட்டிகளைக் கவ்விக்கிட்டுப் போயிடுச்சு போல" என்று அவளிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அண்ணி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குப் பெரிய துண்டாக வைத்தார்.

எப்போதிலிருந்து தெருவில் நிற்கிறது? நான் போய்ச் சொன்ன அன்றிலிருந்தா?

மார்ச் 27, வெள்ளி

"பூனை எங்க அண்ணி?"

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். அண்ணி கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உன் வண்டியில பிரேக் சத்தம் எங்க?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"பட்டறையில இருந்து எனக்குத்தான் முதல்ல தகவல் வரும்" என்றார். "பிரேக்கைக் கழட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. அப்படியா, வெச்சிருங்கன்னு சொன்னேன். என்னை என்ன பண்ணச் சொல்றே? அம்மாவோட ரூம் மேல இருக்கு. உனக்குக் கொழந்தை இருக்கு. ரெண்டு பேருமே அவங்கவங்க வீட்டைப் பாத்துக்கிட்டோம்."

"மத்த பத்து வீடு?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஹைபிரிட் கட்டடத்தின் புது மாடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை கூட்டம்" என்றார் கடைசியில். "அது முடிஞ்ச மறுநிமிஷம் எல்லா வண்டியையும் நானே திரும்பக் கூப்பிடுறேன்."

"கூடாது அண்ணி. இன்னைக்கே."

"இன்னைக்குக் கூப்பிட்டா நாளைக்குக் காலையில இந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிடுவாங்க. உன்னை, ரேடியோவை, அந்தப் பொண்ணுங்களை, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அது தெரிஞ்சுதானே பேசுறே?"

நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அவரே இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதுவோம், கூட்டத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாம் என்றார்.

ஞாயிறு என்றால் நடுவில் சனி ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு எனக்கு.

மார்ச் 28, சனி

ஒன்றும் நடக்கவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

மார்ச் 29, ஞாயிறு

ரொம்ப நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

முற்பகலில் போனேன். உட்கார்ந்து எழுதினோம். நான்கு வரிதான்: வால்வில் கோளாறு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், இயக்க வேண்டாம், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். அந்த நான்கு வரிக்கு அண்ணி எத்தனை தடவை சொற்களை மாற்றினார். 'கோளாறு' வேண்டாம், 'பரிசோதனை' என்று போடலாமா என்றார். நான் முடியாது என்றேன். சரி, அனுப்புவதற்கு முன் கண்ணாடியை எடுத்து வந்து ஒருமுறை வாசித்துவிடுகிறேன், வண்டியில் விட்டுவிட்டேன் என்றார். இருவரும் கீழே இறங்கினோம்.

உச்சி வெயில். தெருவில் நடமாட்டம் குறைவு. மரத்தடி நிழலில் வண்டி. அதன் பின்பக்கம் நிழலைத் தாண்டி வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வண்டி. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை அங்கே நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக் கதவில் சாவியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பின்பக்க பம்பர் வளைந்திருந்தது. யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெழுகு போல இன்னும் கொஞ்சம் தொங்கியது. கீழே கிடந்த சருகுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சுருண்டன. தீ இல்லை. எங்கேயும் தீ இல்லை. வெயில்தான். காற்று மட்டும் லேசாக நெளிந்தது, ஸ்ஸ் என்று ஒரு சத்தம், மூடாத குழாய் போல.

அண்ணி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. குழந்தை வண்டியின் கைப்பிடி பம்பர் பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு போக நேரம் எங்கே? அந்தக் காற்றுக்குள் கையை விட்டுப் பிடித்து இழுத்து, தெருவின் அந்தப் பக்கத்துக்கு ஒரே தள்ளு. கத்தவில்லை. கையை மட்டும் மார்போடு சேர்த்துக்கொண்டார். சட்டைக்கை முழங்கை வரைக்கும் இல்லை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வால்வு வால்வுன்னு இத்தனை நாள் பேசினவ நான்தான். கல்லு மாதிரி நின்னேன்.

"எல்லாரையும் உள்ள போகச் சொல்லு" என்று அண்ணி சொன்ன பிறகுதான் நான் கத்த ஆரம்பித்தேன்.

அடுத்து வால்வு முழுசாகத் திறந்துகொண்டது. நூறு குக்கர் ஒன்றாகக் கூவியது போலச் சத்தம். எல்லா மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வண்டியை நோக்கி நடந்து வந்தார், அவருக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன், என்னைத் திட்டினார். டேங்க் காலியானதும் சத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் பம்பர் புகையோடு, ஊரார் கண்ணுக்குத் தெரியும்படி, சாதாரணமாக எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. தூங்கிக்கொண்டே இருந்ததாம்.

அந்த நான்கு வரியை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு என் போனிலிருந்து அனுப்பினேன். வாசித்துப் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் கணக்குப்பிள்ளையை. "சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டுட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் தெருவுக்கு வந்துடுங்க."

"என்ன தங்கச்சி, விளையாடுறீங்களா?"

"இல்லண்ணா. கும்பிட்டுக் கேக்குறேன். வெளிய வந்துடுங்க."

மார்ச் 30, திங்கள்

பதினோரு வண்டிகளும் திறந்த மைதானத்தில். கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ரேடியோதான் வாயுக் கசிவு காட்டும் மீட்டரோடு போயிருந்தார். கதவைத் திறந்து வெகுநேரம் ஆன பிறகும் ஷெட்டுக் கூரைக்கு அடியில் மீட்டர் விடாமல் கத்தியதாம். கூரையை ஒட்டி ஒரு சுவிட்ச் பலகை. பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கும் அறை. இவ்வளவையும் ரேடியோ மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

அண்ணிக்கு வலது கையில் மூன்று விரல் திரும்ப மடங்குமா என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் இவர் காபி கலந்து கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார். "நம்ம வண்டியை நீ போன வாரமே குடுத்துட்டே, இல்ல?"

"ஆமா."

"அக்கா தெருவுல நிறுத்தினதும் அதனாலதான்."

"ஆமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் தினமும் அதுலதான் குட்டியைப் பள்ளிக்கூடத்துல விட்டேன்." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணைக் குழுவின் முன் அண்ணி இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். பொறியாளர் உடனே எச்சரித்தார், காத்திருக்கச் சொன்னது நான்தான் என்றார். அது உண்மை. முழு உண்மை இல்லை. அவர்கள் என்னிடம் எப்போது எச்சரித்தீர்கள் என்று கேட்டார்கள், தேதியைச் சொன்னேன். என் வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஏப்ரல் 21, செவ்வாய்

எங்கள் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மேஜைகளை ஹைபிரிட்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். பயிற்சிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரேடியோ வேறு ஆலைக்கு. எனக்கு ஹைபிரிட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு படி உயர்த்தி. சரியான நேரத்தில் எச்சரித்த பொறியாளர் என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறது.

அண்ணி வேலையை விட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன். மாமியார்தான் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார் அண்ணி. கிண்டல் இல்லை. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

மே 8, வெள்ளி

புது மாடியில் வெள்ளை அடித்த வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறக்க முடியாத கட்டடம்.

மே 19, செவ்வாய்

கணக்குப்பிள்ளை இத்தனை நாளும் வேறு மேஜையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்று தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"பட்டறையில பேசிக்கிட்டு இருந்தேன் மேடம். உங்க வண்டி பிரேக்ல ஒண்ணும் இல்லைன்னாங்க."

"இல்ல" என்றேன்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கில் ஒரு தொகை சரியாக வந்துவிட்டது போல. சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் முடித்தார். தண்ணீர் குடித்தார். எழுந்திருப்பதற்கு முன், "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஏழு."

"எங்க சின்னவளுக்கும் ஏழுதான்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போனார்.